ஐவருக்கு ஐம்பது மணி

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காப்பி வழங்கிக்கொண்டிருந்த வேளையில், கத்தோலிக்கச் சகோதரி ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவர் இல்லத்தில் ஐவர். கணவருக்கு வாரந்தோறும் மாறும் வேலைமுறை. மகன் விடியுமுன் லோக்கல் வண்டியில் கல்லூரிக்குப் புறப்படுகிறான். தேவ இரகசியங்கள் பதினைந்துதான் என்கிறார் மாமியார். பள்ளியில் ஆங்கிலத்தில் ஜெபம் கற்ற மகளோ, இருபது என்கிறாள். “இந்த வாதத்திலேயே எங்கள் வீட்டு ஜெபமாலை நின்று மூன்று மாதமாகிறது. எது சரியான முறை, அண்ணா?” என்றார்.

நான் வேதசாஸ்திரம் கற்றவன் அல்லன். ஆயினும் இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்று தோன்றியமையால், அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பிற சமயத்து அன்பர்களுக்காக முதலில் ஒரு சொல். துளசி மாலையிலும் உருத்திராட்ச மாலையிலும் நூற்றெட்டு மணி இருப்பதுபோல், எங்கள் மாலைக்கும் ஒரு கணக்கு உண்டு. ‘ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை’ என்று தமிழில் வழங்குவது அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் சிறுமணிகளின் கணக்காகும். தொடக்கத்தில் மூன்று, பிறகு பத்துப் பத்தாக ஐந்து தொகுதி. பரலோக மந்திரத்துக்குரிய பெரிய மணிகள் ஆறு. ஒவ்வொரு பத்துக்கும் ஆண்டவருடைய அல்லது தேவமாதாவினுடைய வாழ்வில் ஒரு நிகழ்ச்சியைத் தியானிக்கிறோம். அதுவே தேவ இரகசியம் எனப்படும்.

இம்முறை ஒரே நாளில் உண்டானதன்று. துறவிகள் நூற்றைம்பது சங்கீதங்களை ஓதி வந்த காலத்தில், எழுத்தறியாத எளியோர் அவற்றுக்கு ஈடாக நூற்றைம்பது மந்திரங்களை மணிகளால் எண்ணிச் சொன்னார்கள். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் திரியர் நகரத்து மடத்தில் வாழ்ந்த பிரஷ்யா தேசத்துத் தோமினிக் என்னும் துறவி, ஒவ்வொரு மந்திரத்திலும் இயேசுவின் திருநாமத்தையடுத்து அவர் வாழ்வை நினைவூட்டும் ஒரு சிறு தொடரைச் சேர்த்துச் சொல்லும் முறையைப் பரப்பினார். அவ்வழக்கம் ஜெர்மானியரிடையே இன்றும் உண்டு. பின்னர் 1569-இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர், பத்துப் பத்தாகப் பிரித்துத் தியானத்தோடு சொல்லும் முறையை உறுதிப்படுத்தினார். சந்தோஷம், துக்கம், மகிமை என மூவகையாக, வகைக்கு ஐந்தாக, பதினைந்து இரகசியங்கள் நிலைபெற்றன. மாமியார் சொல்லும் கணக்கு இதுவே.

மகள் சொல்வதும் பொய்யன்று. 2002 அக்டோபர் 16-ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் விடுத்த திருமடலில், ஒளியின் தேவ இரகசியங்கள் என ஐந்தைச் சேர்த்தார். யோர்தானில் ஞானஸ்நானம், கானாவூர்க் கலியாணம், இறையரசின் அறிவிப்பு, ஆண்டவர் உருமாறியது, நற்கருணையை ஏற்படுத்தியது என்பன அவை. இவற்றுக்கு வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. ஆனால் அத்திருமடலே இச்சேர்க்கையை ஏற்பதைத் தனி மனிதரின், சமூகங்களின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஆகவே மாமியார் பழைய வழக்கப்படி வியாழனன்று சந்தோஷ இரகசியங்களைச் சொன்னால் குற்றமில்லை. மகள் ஒளியின் இரகசியங்களைச் சொன்னாலும் குற்றமில்லை. வாரத்தில் ஓரிரு நாளைப் பற்றிய வேற்றுமைக்காக ஏழு நாளும் மாலையை ஆணியில் தொங்கவிடுவதுதான் நஷ்டம்.

வேறு மாலைகளும் உள்ளன. வியாகுல மாதா ஜெபமாலையில் தொகுதிக்கு ஏழு மணியாக ஏழு தொகுதி. சிமியோன் உரைத்த தீர்க்கதரிசனம் முதல் கல்லறை அடக்கம் வரை மாதாவின் ஏழு துயரங்களைத் தியானிப்பது. துக்கம் நேர்ந்த வீடுகளுக்கு இது பேராறுதல். பிரான்சிஸ்கன் சபையார் மாதாவின் ஏழு மகிழ்ச்சிகளைக் குறித்துப் பத்து மணியாக ஏழு தொகுதி சொல்லுவர். போலந்து தேசத்துக் கன்னியர் புனித பவுஸ்தீனாவின் வழியாக 1935-இல் தோன்றிய இறை இரக்க ஜெபமாலைக்கோ தனி மாலை வேண்டாம். நமது ஐம்பத்து மூன்று மணி மாலையிலேயே வேறு சிறு மந்திரங்களைச் சொல்லுவது. பிற்பகல் மூன்று மணி அதற்குச் சிறந்த வேளை என்பர். இவை ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஒரே கிணற்றுக்குப் பல படித்துறைகள்.

இம்மும்பை நகரில் நம் அயலாரைப் பாருங்கள். கோவாக்காரர் ஐம்பது மணி ஜெபத்தைத் ‘தெர்ஸ்’ என்கிறார்கள். போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு மூன்றில் ஒரு பங்கு என்று பொருள். பதினைந்தில் ஐந்து அல்லவா? இருபது என்று கொண்டால் அது காற்பங்காகிவிட்டது. பெயரை எவரும் மாற்றவில்லை, ஜெபத்தையும் எவரும் விடவில்லை. மலையாளத்தார் சொல்லும் ‘கொந்த’ என்பதும், மணி என்று பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லே. நம்மிடையே பாட்டிமார் ‘பிரியதத்த மந்திரம்’ என்றதை நாம் ‘அருள் நிறைந்த மந்திரம்’ என்கிறோம். சொல் மாறியது, வேண்டுதல் மாறவில்லை. தியானமில்லாத ஜெபமாலை உயிரற்ற உடல் என்ற கருத்தைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1974-இல் வற்புறுத்தினார். எண்ணிக்கையில் சண்டையிட்டுத் தியானத்தை இழப்போர் இதனை நினைக்க வேண்டும்.

இனி, வேளை ஒவ்வாத குடும்பத்துக்கு என்ன வழி? பிரான்சு தேசத்து லியோன் நகரில் பவுலின் ஜாரிக்கோ என்னும் பெண்மணி இருந்தார். கன்னியர் மடத்தைச் சேர்ந்தவரல்லர்; பட்டு வியாபாரியின் மகள். 1826-இல் அவர் ‘உயிருள்ள ஜெபமாலை’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். பதினைந்து பேர் ஒரு குழு. ஆளுக்கு ஓர் இரகசியம். நாளுக்குப் பத்து மணி. அவரவர் இருந்த இடத்தில் சொல்ல, பதினைவரும் சேர்ந்து ஒரு முழு மாலையாகிறார்கள். 2022-இல் திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் அளித்தது.

சகோதரியின் இல்லத்தில் ஐவர்; ஒரு நாளைய இரகசியங்களும் ஐந்து. முதலாவது மாமியாருக்கு, வீட்டில், அந்திவேளையில். இரண்டாவது கணவருக்கு, வேலைக்குச் செல்லும் வழியில். மூன்றாவது மகனுக்கு, லோக்கல் வண்டியில். பத்து மணிக்கு மாலைகூட வேண்டாம், பத்து விரல் போதும். நான்காவது மகளுக்கு. ஐந்தாவது அச்சகோதரிக்கு, அடுப்படி வேலை ஓய்ந்தபின். நானும் இரவு முறை பார்ப்பவன். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டாக இப்படித்தான் நடந்து வருகிறது. நள்ளிரவில் என் பங்குக்குரிய பத்து மணியைச் சொல்லும்போது, மற்ற நாற்பதும் வீட்டில் முடிந்திருக்கும் என்ற நினைவே ஒரு துணை.

ஆயினும் ஞாயிறன்று மட்டும் ஐவரும் ஒன்றாய் முழந்தாளிட வேண்டும். குடும்பமாகச் சொல்லும் ஜெபமாலைக்குத் திருச்சபை வழங்கும் பரிபூரண பலனைப் பெற, ஐந்து பத்துக்களையும் இடைவிடாது சொல்ல வேண்டும் என்பது விதி. அன்று பாட்டி தமிழில் முன்மொழியட்டும். பேத்தி தமிழில் பதில் சொல்லட்டும். ஆங்கிலத்தில் ஜெபித்தாலும் ஆண்டவர் கேட்பார், ஐயமில்லை. ஆனால் பாட்டிக்குக் கேட்க வேண்டுமே! நம் பிள்ளைகளுக்குத் தமிழில் ஐம்பது முறை வாய் திறக்க இவ்வூரில் வேறெங்கே வாய்ப்பு?

பதினைந்தா, இருபதா என்ற கேள்வி காத்திருக்கட்டும். இன்றிரவே ஆளுக்குப் பத்து மணியாகத் தொடங்குவோமாக.