நகப்பூச்சும் ஆண்மையின் அளவுகோலும்

கடந்த சில ஆண்டுகளாக மேற்கத்திய நாடுகளில் ஆண்கள் நகப்பூச்சு பூசிக்கொள்வது பேசுபொருளாகியிருக்கிறது. பாடகர்கள், ராப் இசைக் கலைஞர்கள், விளையாட்டு வீரர்கள் எனப் பலரும் விரல் நகங்களில் வண்ணம் பூசிக்கொண்டு பொதுவெளியில் வலம் வருகிறார்கள். இது ஆண்களுக்குக் கிடைத்த விடுதலை என்கிறது ஒரு தரப்பு. ஆண்மைக்கே வந்த அழிவு என்கிறது மறுதரப்பு. இந்தச் சர்ச்சை கைப்பேசி வழியாக நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. எனவே, கேலியும் கோபமும் இல்லாமல் இதன் பின்னணியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியுள்ளது.

தண்டனையில் தொடங்கி விற்பனைக்கு வந்த கதை

2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கிளைட் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு மாணவன் நகப்பூச்சுடன் வந்தான். பள்ளியின் உடை விதிப்படி மாணவிகளுக்கு அதில் தடையில்லை. மாணவர்களுக்கு மட்டுமே தடை. வகுப்புக்குச் செல்லவிடாமல் பள்ளிக்குள்ளேயே தனியே அமர்த்தும் தண்டனை அவனுக்கு விதிக்கப்பட்டது. அந்த விதியை எதிர்த்து அவன் தொடங்கிய இணைய மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்.

இந்தக் கதையின் அடுத்த கட்டம்தான் கவனிக்கத்தக்கது. 2021 மே மாதத்தில் ராப் பாடகர் லில் யாட்டி ‘க்ரீட்’ என்ற பெயரில் ஆண்களையும் குறிவைத்து நகப்பூச்சு வணிகம் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பரில் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் ‘ப்ளீசிங்’ என்ற நிறுவனத்தை அறிவித்தார். அதன் முதல் சரக்குகளில் நகப்பூச்சுதான் முதன்மையானது. டிசம்பரில் பாடகர் மெஷின் கன் கெல்லியும் தன் பங்குக்கு ஒரு நகப்பூச்சு வரிசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு சிறுவனின் எதிர்ப்புக் குரல் எழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் விலை ஒட்டிய குப்பிகள் கடைக்கு வந்துவிட்டன.

இதில் வியக்க ஒன்றுமில்லை. ரெவ்லான் நிறுவனம் 1932இல் நியூயார்க்கில் தொடங்கியபோது அதன் ஒரே சரக்கு நகப்பூச்சுதான். பெண்களின் கைகளில் நிறம் இல்லாவிட்டால் ஏதோ குறை என்று நம்பவைத்தே அழகுசாதனத் தொழில் வளர்ந்தது. உலகின் பாதி மக்களிடம் விற்றாகிவிட்டது. மீதிப் பாதியிடமும் விற்கத் துடிப்பது வணிகத்தின் இயல்பு. விடுதலை என்ற சொல் அதற்கு நல்ல விளம்பரமாக அமைந்துவிட்டது.

ஆனால் எல்லாமே வணிகம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ‘பாலிஷ்டு மேன்’ இயக்கத்தில் ஆண்கள் ஒரேயொரு விரல் நகத்தில் மட்டும் வண்ணம் பூசிக்கொள்கிறார்கள். ‘ஏன் இது?’ என்று எவராவது கேட்டால், குழந்தைகள் மீதான வன்முறையைப் பற்றிப் பேசி நிதி திரட்டுவது அவர்கள் நோக்கம். அமெரிக்கக் கால்பந்து வீரர் கேலப் வில்லியம்ஸ் நகங்களில் வண்ணமும் எழுத்தும் தீட்டிக்கொண்டு களமிறங்குபவர். அவருடைய தாயார் நக அலங்காரத் தொழில் செய்தவர். எலும்பு முறியும் அளவுக்கு மோதிக்கொள்ளும் அந்த விளையாட்டில், 2024இல் புதிய வீரர்களுக்கான தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். இவர்களையெல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நேர்மையாகாது.

மாறிக்கொண்டே வந்த அடையாளங்கள்

ஆணுக்கு எது அடையாளம், பெண்ணுக்கு எது அடையாளம் என்பதில் மேற்குலகம் ஒருபோதும் ஒரே நிலையில் நின்றதில்லை. இன்று பெண்களுக்குரியதாகக் கருதப்படும் குதி உயர்ந்த செருப்பு, ஒரு காலத்தில் பாரசீகக் குதிரைப்படையினர் அங்கவடியில் கால் நழுவாமலிருக்க அணிந்தது. அங்கிருந்து ஐரோப்பிய அரண்மனைகளுக்குச் சென்றது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதி வைத்த காலணியுடன் ஓவியங்களில் காட்சி தருகிறார்.

பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1884இல் இரண்டு வயதுச் சிறுவனாக நீள முடியும் வெள்ளைக் கவுனுமாக எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் உள்ளது. அன்றைய வசதியான குடும்பங்களில் சிறு ஆண்பிள்ளைகளுக்கு அதுவே வழக்கமான உடை. 1918இல் அமெரிக்க ஆடை வணிக இதழ் ஒன்று, இளஞ்சிவப்பு ஆண் குழந்தைகளுக்கும் நீலம் பெண் குழந்தைகளுக்கும் உரியது என்று எழுதியது. இன்று அது தலைகீழ்.

ஆக, இன்றைய மேற்கத்திய ஆண் அடையாளத்தை மனித குலத்தின் மாறாத இயற்கை என்று எடுத்துக்கொள்வது தவறு. அதே நேரத்தில், வழக்கங்கள் மாறுகின்றன என்பதால் எல்லைகளே தேவையில்லை என்ற முடிவுக்கும் வந்துவிட முடியாது. மாறும் வழக்கம் வேறு. மாறாத வேறுபாடு வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

அரசு ஆணையால் ஆண்மை வருமா?

இந்தச் சிக்கலைச் சீனா ஆணை போட்டுத் தீர்க்க முயன்றது. பதின்வயதுச் சிறுவர்கள் பெண்தன்மை அடைவதைத் தடுக்க வேண்டும் என்று 2020இல் அரசின் ஆலோசனை மன்ற உறுப்பினர் ஒருவர் முன்மொழிந்தார். 2021 தொடக்கத்தில் கல்வி அமைச்சகம், உடற்பயிற்சி வகுப்புகளை வலுப்படுத்தும் திட்டத்துடன் அதற்குப் பதிலளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு, பெண்தன்மை கொண்ட ஆண்களின் அழகியலைத் தொலைக்காட்சியிலிருந்து விலக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவில், அத்தகைய ஆண்களை இழிவாகக் குறிக்கும் தெருச்சொல்லே இடம்பெற்றது.

திரையிலிருந்து முகங்களை நீக்கலாம். ஆனால் ஓர் இளைஞன் பொறுப்புள்ள தந்தையாக, நம்பத்தக்க கணவனாக வளர்வதற்கு அந்த உத்தரவில் என்ன வழி இருக்கிறது? நகத்தையும் முகப்பூச்சையும் கண்காணிக்கும் அரசால் உள்ளத்தைக் கண்காணிக்க இயலாது.

எதிர்முனையில் இன்னொரு கடை

நகப்பூச்சைக் கண்டு கொதிக்கும் நம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முன்னாள் கிக்பாக்ஸிங் வீரர் ஆண்ட்ரூ டேட், பெண்களைத் தாழ்த்திப் பேசும் காணொளிகளாலும் ஆடம்பரக் கார்களாலும் புகழ்பெற்றவர். 2022 ஆகஸ்டில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் ஆகியவை அவரை நீக்கின. அக்டோபரில் அவர் இஸ்லாத்தைத் தழுவியதாகச் செய்தி வந்ததும், உலகெங்கும் முஸ்லிம் இளைஞர்கள் பலர் அவரை ‘உண்மையான ஆண்’ என்று கொண்டாடினார்கள். டிசம்பரில் ருமேனியக் காவல்துறை அவரைக் கைது செய்தது. ஆள்கடத்தல், பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் 2023 ஜூனில் முறைப்படி பதிவாயின. அவர் அவற்றை மறுத்து வருகிறார்.

வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கேட்பது வேறு. ஒருவர் கலிமா சொன்னால் அவரை வரவேற்பது நம் கடமை. அவர் அதுவரை விற்றுவந்த ‘ஆண்மை’யையும் சேர்த்து மார்க்கமாக ஏற்றுக்கொள்ள வேண்டுமா? பணம், தசை, பெண்கள் மீதான அதிகாரம் ஆகியவற்றையே ஆணின் அளவாக வைத்து, அதைக் கற்றுத்தர மாதக் கட்டணம் வாங்கியவர் அவர். ஒரு கடையில் வண்ணக் குப்பி கிடைக்கிறது. மறு கடையில் முரட்டுத்தனம் கிடைக்கிறது. இரண்டு கடைகளும் ஒரே கேள்விக்கு விடை தேடி வரும் இளைஞனைத்தான் வாடிக்கையாளராக்கிக் கொள்கின்றன: ‘நான் எப்படிப்பட்ட ஆணாக இருக்க வேண்டும்?’

மார்க்கம் போடும் கோடு

நம் மார்க்கத்தில் இதற்கு ஓர் எல்லை தெளிவாகவே உண்டு. பெண்களுக்கு ஒப்பாக நடக்கும் ஆண்களையும் ஆண்களுக்கு ஒப்பாக நடக்கும் பெண்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீயில் இடம்பெற்றுள்ளது. எது ஒப்பாதல் என்பதில், உடையின் அமைப்பு அந்தந்த ஊர் வழக்கத்தைப் பொறுத்து மாறும் என்று இப்னு ஹஜர் (ரஹ்) தமது ‘ஃபத்ஹுல் பாரீ’யில் விளக்குகிறார்கள். எனவே அலங்காரமே ஆணுக்குக் கூடாது என்பதல்ல நிலைப்பாடு. சுர்மா இடுவதும், நறுமணம் பூசுவதும், நரைத்த தாடிக்கு மருதாணிச் சாயம் ஏற்றுவதும், வெள்ளி மோதிரம் அணிவதும் நபித்தோழர்கள் காலத்திலேயே ஆண்களிடம் இருந்தவை. பட்டும் தங்கமும் ஆண்களுக்குத் தடுக்கப்பட்டன.

நகச்சாயம் இதில் எங்கே வரும்? திரைக்குப் பின்னிருந்து கடிதம் நீட்டிய ஒரு பெண்ணிடம், பெண்ணாக இருந்தால் நகங்களில் மருதாணி இட்டிருக்கலாமே என்று நபியவர்கள் சொன்னதாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் தரத்தில் ஹதீஸ் கலை அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தாலும், நகத்தில் நிறமிடுவது பெண்களின் அலங்காரமாக அறியப்பட்டிருந்ததை அது காட்டுகிறது. நம் ஊர் வழக்கிலும் நகப்பூச்சு பெண்களுக்குரியதே. ஆகவே முஸ்லிம் ஆண் அதைத் தவிர்ப்பதே சரி.

உளூவின் சட்டமோ ஆண், பெண் இருவருக்கும் பொதுவானது. மருதாணி நிறத்தை மட்டும் விட்டுச் செல்கிறது; நகப்பூச்சு ஒரு படலமாகப் படிந்து, தண்ணீர் நகத்தைத் தொடவிடாமல் தடுக்கிறது. பாதத்தில் நகமளவு இடம் நனையாமல் விட்ட ஒருவரைத் திரும்பிச் சென்று உளூவைச் செம்மையாகச் செய்யுமாறு நபியவர்கள் பணித்த செய்தி முஸ்லிமில் உள்ளது.

கோட்டுக்கு இப்பால்

கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்துவிடுமா? அந்தக் கோட்டைத் தாண்டாத ஆண் நல்ல ஆணாகிவிடுவானா? நபியவர்கள் வைத்த அளவுகோல் வேறு. மல்யுத்தத்தில் எதிராளியை வீழ்த்துபவனை அல்ல, கோபத்தின்போது தன்னை அடக்கிக்கொள்பவனையே அவர்கள் வீரன் என்றார்கள். எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன குலத்தலைவரிடம், இரக்கம் காட்டாதவர் இரக்கம் காட்டப்படமாட்டார் என்று பதிலளித்தார்கள். வீட்டு வேலைகளில் மனைவியருக்கு உதவினார்கள். செருப்பைத் தாமே தைத்தார்கள். மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் வடித்தார்கள். இன்று இவற்றில் எத்தனையை நம் வீட்டு ஆண்கள் ‘பொம்பளைத்தனம்’ என்று ஒதுக்குகிறார்கள்?

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதத்தினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இது எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான கணக்கு. நாம் விதிவிலக்கு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. மணமகன் மஹர் கொடுக்க வேண்டிய மார்க்கத்தில் பிறந்துவிட்டு, பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்கி மேடையேறும் மாப்பிள்ளையின் ஆண்மையை எவரும் கேள்வி கேட்பதில்லை. நகத்தில் நிறம் பூசிய பையன் மட்டும் தெருவெங்கும் பேச்சாகிவிடுகிறான்.

எங்காவது ஒரு பதின்வயதுப் பையன் தனக்குப் பிடித்த பாடகரைப் பார்த்து நகத்தில் வண்ணம் பூசிக்கொண்டு வந்தால், அடிப்பதும் ஊரைக் கூட்டிக் கேலி செய்வதும் அவனைத் திருத்தாது. அவமானப்பட்ட பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்துவான். திரையில் அவனுக்காகக் காத்திருக்கும் இரண்டு கடைகளில் ஒன்றுக்குத்தான் போவான். தந்தை அவனை அருகில் அமர்த்தி, மார்க்கம் ஏன் இதைத் தடுக்கிறது, உளூவுக்கு இது ஏன் தடையாகிறது என்று பொறுமையாகச் சொல்லலாம். ஜும்ஆ உரைகளில் ஆண்களின் உடையைப் பற்றிப் பேசும் ஆலிம்கள், ஆண்களின் கோபத்தைப் பற்றியும், மஹரைப் பற்றியும், மனைவி மக்களிடம் காட்ட வேண்டிய கனிவைப் பற்றியும் அதே அழுத்தத்துடன் பேசலாம்.

மகன் தன் கையை எதற்குப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தந்தையின் கையைப் பார்த்தே முதலில் கற்றுக்கொள்கிறான். அந்தக் கை வீட்டில் எவர் மீதும் ஓங்காமல் இருக்கிறதா, வேலையில் பங்கெடுக்கிறதா, கைக்கூலிக்காக நீளாமல் இருக்கிறதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மிடமே கேட்டுக்கொள்வோம். அல்லாஹ் நம் இல்லங்களைச் சீராக்குவானாக.