வெளியேறுவதா என்று யாரைக் கேட்டார்கள்?

கோலசிலாங்கூர் - ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் 2016 ஜூன் 23ஆம் தேதி தன் மக்களைக் கேட்டது. அன்று வாக்களிக்கும் உரிமை அங்கு முறையாக வசித்துவந்த மலேசியர்களுக்கும் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் என்பதால் கிடைத்த உரிமை அது. இருபது ஆண்டுகளாக லண்டனில் வரி கட்டி வாழ்ந்த போலந்துக்காரருக்கோ பிரெஞ்சுக்காரருக்கோ அந்த உரிமை இல்லை. புக்கிட் ரோத்தானிலிருந்தோ ஈஜோக்கிலிருந்தோ படிக்கப்போன ஒரு பிள்ளைக்கு, பெயரைப் பதிந்திருந்தால், இருந்தது.

அந்தப் பிள்ளையின் தாத்தாவை 1963-இல் மலேசியா உருவானபோது யாரும் வாக்குச்சீட்டு கொடுத்துக் கேட்கவில்லை. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தபோதும் கேட்கவில்லை. நம் நாட்டில் இதுவரை நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு ஒன்றுகூட நடந்ததில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சபாவுக்குச் சேரவேண்டிய 40 விழுக்காட்டு வருவாய்ப் பங்கை 1974 முதல் 2021 வரை மறுஆய்வு செய்யும் கடமையில் கூட்டரசு தவறியது என்று கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் 2025 அக்டோபர் 17ஆம் தேதி தீர்ப்பளித்தது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், பிரிட்டன்காரர்களைப்போல் அவர்களும் ஓட்டு எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன என்ற பேச்சு தீபகற்பத்துக் காப்பிக்கடைகள்வரை வந்துவிடுகிறது. சட்டப்படி அதற்கு வழி இல்லை. கூட்டரசு அரசமைப்பில் பிரிந்துபோகும் ஏற்பாடு கிடையாது. சபா முன்வைத்த இருபது அம்சங்களில் ஏழாவதே, பிரிந்துபோகும் உரிமை கூடாது என்பதுதான். பிரிவினையைத் தூண்டுவதைத் தேச நிந்தனைக் குற்றங்களில் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2015-இல் நிறைவேற்றியது. மக்கள் மனமும் அப்படி ஒன்றும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடவில்லை. சுதந்திரம் பேசி 2021 சரவாக் மாநிலத் தேர்தலில் நின்ற கட்சிக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பேச்சை அப்படியே தள்ளிவிட முடியாது. அதன் அடியில் ஒரு பழைய மனக்குறை இருக்கிறது. எங்களை ஒழுங்காகக் கேட்டீர்களா என்பதுதான் அது.

1962-இல் வட போர்னியோ, சரவாக் மக்களின் கருத்தை அறிய கோபோல்ட் ஆணையம் போனது. அது நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சந்தித்தது, மகஜர்களைப் பெற்றது, ஆனால் வாக்கெடுப்பு நடத்தவில்லை. மூன்றில் ஒரு பங்கினர் மலேசியாவை உறுதியாக ஆதரிக்கிறார்கள், இன்னொரு பங்கினர் நிபந்தனைகளோடும் பாதுகாப்புகளோடும் ஆதரிக்கிறார்கள், மீதிப் பங்கினர் சுதந்திரம் முதலில் வரட்டும் என்பவர்களும் ஆங்கிலேயர் ஆட்சியே நீடிக்கட்டும் என்பவர்களுமாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. அந்த நடுப் பங்கின் நிபந்தனைகள்தாம் இன்றும் நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கின்றன.

அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரில் வாக்கெடுப்பே நடந்தது. வாக்குச்சீட்டில் மூன்று தேர்வுகள், மூன்றுமே இணைப்புக்கானவை. எந்த நிபந்தனையில் இணைவது என்பதுதான் கேள்வி. 'வேண்டாம்' என்று சொல்ல இடமில்லை. அரசு விரும்பிய முதல் தேர்வுக்கு 71 விழுக்காடு கிடைத்தது. பாரிசான் சோசியலிஸ் கட்சி வெற்றுச்சீட்டுப் போடச் சொல்லியிருந்தது. ஏறக்குறைய கால்வாசிச் சீட்டுகள் வெறுமையாகவே பெட்டிக்குள் விழுந்தன. 'வேண்டாம்' என்ற வரி இருந்திருந்தால் அது எத்தனை வாக்கு பெற்றிருக்கும் என்று இன்று யாராலும் கணக்கிட முடியாது. கேள்வித்தாளை எழுதுபவர் பதிலையும் பாதி எழுதிவிடுகிறார்.

தீபகற்பத்தில் அந்த அளவுகூட இல்லை. தங்கள் மாநிலத்தைக் கலந்துகொள்ளவில்லை என்று கிளந்தான் அரசு மட்டும் 1963 செப்டம்பரில், மலேசியா நாளுக்குச் சில நாள் முன்பு, நீதிமன்றம் போனது. தலைமை நீதிபதி தாம்சன் அதை ஏற்கவில்லை. அக்காலத்தில் கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் குடியுரிமை இல்லாதவர்களும் நிறையப் பேர். சாதாரணப் பொதுத்தேர்தலிலேயே வாக்கில்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு நாட்டின் எல்லை எங்கே முடிய வேண்டும் என்பதில் என்ன சொல் இருந்திருக்கும்?

பிறகு 1965 ஆகஸ்ட் 9. மக்களவையில் 126 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றும் இல்லை. சிங்கப்பூர் தனி நாடானது. தமிழில் இதை எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம் வரும். 'பிரிந்தது' என்றால் அது தானே போனதுபோல் இருக்கிறது. 'பிரிக்கப்பட்டது' என்றால் பழி கோலாலம்பூர்மீது விழுகிறது. எந்த வினையைப் போடுவது என்பதற்குள்ளேயே ஓர் அரசியல் நிலைப்பாடு ஒளிந்திருக்கிறது. துங்கு அப்துல் ரஹ்மானும் லீ குவான் இயூவும் ஒப்புக்கொண்டது என்று எழுதித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் ஜோகூரிலும் தம்பி சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் வேலை பார்த்த குடும்பங்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்குச் செய்தி வானொலியில்தான் வந்தது. பொது நாணயம் முடிவுக்கு வந்தது 1967-இல். இரு நாட்டு வெள்ளியையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளும் வசதி 1973 வரை இருந்தது. கையெழுத்து ஒரே நாளில் ஆனது. பிரிவின் கணக்கு முடியப் பல ஆண்டுகள் பிடித்தன.

பிரிட்டனில் கேள்வி நேராகவே இருந்தது. நீடிப்பதா, வெளியேறுவதா, இரண்டே பெட்டி. 51.9 விழுக்காட்டினர் வெளியேறச் சொன்னார்கள், 48.1 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஆனால் வெளியேறி எங்கே போவது என்பது சீட்டில் இல்லை. மறுநாளே பிரதமர் கேமரன் பதவி விலகலை அறிவித்தார். பவுண்டு முப்பது ஆண்டுகளில் காணாத அளவு சரிந்தது. மறுவாக்கெடுப்பு கேட்டு நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இணையத்தில் மகஜரில் கையெழுத்திட்டார்கள். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்திருந்தார்கள். ஒன்றியத்திலிருந்து அதிகாரபூர்வமாக வெளியேறியதே 2020 ஜனவரி 31-இல்தான்.

அங்குள்ள நம்மவர்களின் நிலைதான் நாம் கவனிக்க வேண்டியது. ஆசிய மக்கள் எல்லாரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்ற எண்ணம் இங்கே இருக்கிறது. அப்படி இல்லை. ஈழத்தமிழர் நிறைய வாழும் ஹேரோவும், ஈஸ்ட் ஹேம் அடங்கிய நியூஹேமும் நீடிக்கச் சொல்லின. தெற்காசியர் பெருமளவில் வாழும் ஸ்லாவும் லூட்டனும் வெளியேறச் சொல்லின. ஐரோப்பாவிலிருந்து யாரும் விசா இல்லாமல் வரலாம், எங்கள் ஊரிலிருந்து ஒரு சமையற்காரரைக் கூட்டிவர முடியவில்லை என்பது வங்காளதேச உணவக முதலாளிகளின் குறை. வெளியேறினால் அந்தக் கதவு திறக்கும் என்று பிரீத்தி பட்டேல் உள்ளிட்டோர் பிரசாரம் செய்தார்கள். நியாயமான குறைதான், அதை நம்பியவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் 2024-இல் திறன் தொழிலாளர் விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 38,700 பவுண்டாக உயர்ந்தது. எந்தக் கறிக்கடை அதைக் கொடுக்கும்?

முடிவு வந்த மூன்றாம் நாள், ஹேமர்ஸ்மித்தில் போலந்து சமூக மையத்தின் கதவில் யாரோ வசை எழுதிவிட்டுப் போனார்கள். ஒரு தேசம் 'நாம் யார்' என்று கேட்கத் தொடங்கினால், அடுத்த கேள்வி 'நீ யார்' என்று சிறுபான்மையின் பக்கம் திரும்புகிறது. மலேசிய மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டிற்கும் குறைவாக உள்ள நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2022 பொதுத்தேர்தலில் கோலசிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றிப் பெரும்பான்மை 1,002 வாக்குகள்தான். அதனால்தான் எந்தக் கட்சியும் இங்குள்ள தோட்டங்களுக்கும் தாமான்களுக்கும் வந்து போகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதவரை அடுத்த தேர்தலில் மாற்றவும் முடியும். பொது வாக்கெடுப்பில் அது நடக்காது. நாடு முழுவதும் ஒரே தொகுதி, ஒரே தடவை. கேட்பதே ஜனநாயகம் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குத் தொகுதி தரும் பேரம் பேசும் பலத்தை வாக்கெடுப்பு தராது என்பதை மறைக்க முடியாது.

இனி செம்பனைக்கு வருவோம். பிரெக்ஸிட் நம் வட்டாரத்தைத் தொட்டது அந்த வழியில்தான். ஒன்றியத்தை விட்டு வந்த பிரிட்டன் புதிய சந்தை தேடி சிபிடிபிபி எனும் பசிபிக் வட்டார வாணிப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2024 டிசம்பர் 15 முதல் அது நடப்புக்கு வந்தது. சில செம்பனை எண்ணெய்ப் பொருள்களுக்கு 12 விழுக்காடு வரை இருந்த இறக்குமதி வரி மலேசியாவுக்கு நீங்கியது. ஒன்றியத்தில் இருந்திருந்தால் பிரிட்டனால் தனியாக இப்படிச் செய்திருக்க முடியாது. இன்னொரு பக்கம், 2020 இறுதிக்குப் பிறகு காடழித்த நிலத்து விளைச்சலை வாங்க மாட்டோம் என்று ஒன்றியம் சட்டம் போட்டு, இரு முறை ஒத்திவைத்திருக்கிறது. அது நடப்புக்கு வந்தால், ஐரோப்பாவுக்குப் போகும் எண்ணெயின் ஒவ்வொரு குலையும் எந்த நிலத்தில் விளைந்தது என்ற விவரம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதைச் சமாளித்துவிடும். ஈஜோக்கிலும் சபாக் பெர்ணத்திலும் சில ஏக்கர் வைத்திருக்கும் சிறு தோட்டக்காரருக்குத்தான் வேலை கூடும்.

லண்டன் வரியை நீக்கியது எண்ணெய் விற்பவருக்கு லாபம். குலை வெட்டுபவரின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த புத்ராஜெயாவின் முடிவு. அதற்கும் பிரெக்ஸிட்டுக்கும் தொடர்பில்லை. அந்தக் குலையை வெட்டுபவரும் இன்று பெரும்பாலும் நம்மவர் அல்லர். இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பெர்மிட்டில் வந்தவர், எந்தத் தேர்தலிலும் வாக்கில்லாதவர்.