பறவையின் கண்ணை விட்டுத் தொலையுங்கள்!

வில்வித்தை என்று யாராவது வாயைத் திறந்தாலே போதும், அர்ஜுனன் ஆஜராகிவிடுவார். மரம் தெரிகிறதா, கிளை தெரிகிறதா, இலை தெரிகிறதா என்று துரோணர் கேட்பார். பறவையின் கண் மட்டும்தான் தெரிகிறது என்பார் அர்ஜுனன். நல்ல கதைதான். மேனேஜ்மென்ட் வகுப்பில் 'ஃபோகஸ்' பற்றிப் பாடம் எடுக்க அருமையான கதை. ஆனால் டார்கெட் பேனிக் வந்து அவதிப்படும் ஒருவரிடம் போய் இந்தக் கதையைச் சொல்வது, சர்க்கரை நோயாளிக்கு ஜாங்கிரி ஊட்டிவிடுகிற மாதிரி.

அதென்ன டார்கெட் பேனிக்?

வில்லை இழுத்தாயிற்று. நாண் தாடையில் வந்து பதிந்தாயிற்று. சைட்டின் புள்ளி மெதுவாக மஞ்சள் வட்டத்தை நோக்கி நகர்கிறது. உள்ளே போய் நிற்கக்கூட இல்லை, ஓரத்தைத் தொட்டதுமே விரல் தானாக விட்டுவிடுகிறது. அம்பு எங்கோ போகிறது. இது ஒரு வகை.

இன்னொரு வகை இதைவிடக் கொடுமை. புள்ளி மஞ்சளுக்குக் கீழே வந்து அப்படியே உறைந்துவிடும். மேலே தூக்க முடியாது. கையில் பலம் இல்லையா என்றால், இருக்கிறது. அதே ஆள், அதே வில். இலக்குத் தாள் இல்லாத வெறும் தடுப்பின் முன்னால் நிறுத்துங்கள், கை பாறை மாதிரி நிற்கும். தாளை ஒட்டினால் போச்சு!

இதைப் பார்த்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். முதல் கட்சி, "பயந்தாங்கொள்ளி, மனசைத் திடப்படுத்து, இன்னும் உற்றுப் பார்" என்கிறது. இரண்டாவது கட்சி, "ரிலீஸை மாத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று விலைப் பட்டியலை நீட்டுகிறது. இரண்டுமே தப்பு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் 'பயம்' என்கிற வாதம். ஐந்து முறை உலக டார்ட்ஸ் சாம்பியனான எரிக் பிரிஸ்டோவுக்கு 1980களின் பிற்பகுதியில் அம்பைக் கையிலிருந்து விட முடியாமல் போனது. அதற்கு அந்த விளையாட்டில் 'டார்ட்டைடிஸ்' என்று பெயர். கோல்ஃபில் 1985லும் 1993லும் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற பெர்ன்ஹார்டு லாங்கருக்கு பந்தைக் குழிக்குள் தட்டும்போது கை நடுங்கியது. அங்கே அதன் பெயர் 'யிப்ஸ்'. ஜப்பானின் கியூடோ வில்வித்தையில் முழுதாக இழுத்து நிற்பதற்குள் அம்பு கைமீறிப் போவதை 'ஹயாகே' என்பார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். உலக சாம்பியன்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகளா? 2003ல் வெளிவந்த மேயோ கிளினிக் ஆய்வாளர்களின் கட்டுரை யிப்ஸை ஒரு நீண்ட கோடாகவே வர்ணித்தது. கோட்டின் ஒரு முனையில் நரம்பு–தசைக் கோளாறு, மறுமுனையில் அழுத்தத்தால் வரும் தடுமாற்றம், நடுவில் இரண்டும் கலந்தவர்கள். 'கோழைத்தனம்' என்று ஒரு முனை அந்தக் கோட்டில் இல்லை.

அப்புறம் எப்படி வருகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளைக்கு 200 அம்பு, மாதம் 25 நாள் எய்தால் வருடத்துக்கு 60,000 அம்பு. ஒவ்வொரு முறையும் 'புள்ளி மஞ்சளில், விரலை விடு' என்ற ஒரே பாடத்தை மூளை படிக்கிறது. 60,000 தடவை படித்த பாடம் மறக்குமா? கடைசியில் மஞ்சளைக் கண்ணால் பார்ப்பதே விசையை அழுத்தும் கட்டளை ஆகிவிடுகிறது. உறைந்து நிற்பதும் இதன் மறுபக்கம்தான். 'புள்ளி மஞ்சளுக்குப் போனால் விரல் விட்டுவிடும்' என்று தெரிந்த மூளை, புள்ளியை அங்கே போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆக இது பயிற்சி குறைவால் வந்த நோய் இல்லை, தப்பான பாடத்தில் வாங்கிய நூற்றுக்கு நூறு! இவரிடம் போய் "பறவையின் கண்ணை மட்டும் பார்" என்றால்? அவருக்குப் பிரச்சினையே அதுதானே.

இப்போது இரண்டாவது கட்சி.

ஹோலிஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கருக்கு 1969ல் காப்புரிமை கிடைத்த காம்பவுண்ட் வில்லில், முழுதாக இழுத்தபின் கப்பிகள் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். நாணை விரலால் பிடிக்காமல் ரிலீஸ் எய்டு என்ற சிறு கருவியால் பிடித்து விடுவார்கள். மணிக்கட்டில் கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்துவது ஒரு ரகம். கட்டைவிரல் பட்டன் இன்னொரு ரகம். விசையே இல்லாமல், முதுகுத் தசை இறுக இறுகக் கருவி மெல்லச் சுழன்று தானாக விடுபடும் 'ஹிஞ்ச்' ஒரு ரகம். குறிப்பிட்ட அளவு இழுவிசை கூடினால் மட்டும் விடுபடுவது நான்காவது.

கடைசி இரண்டும் டார்கெட் பேனிக்குக்கு மருந்து என்று விற்கப்படுகின்றன. எப்போது விடுபடும் என்று எய்பவருக்கே தெரியாதாம், அதனால் பதற வழியில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு உண்மையும்கூட. அதற்குப் பிறகு? மூளை என்ன முட்டாளா? ஹிஞ்சை மணிக்கட்டால் சுண்டிவிட்டால் உடனே விடுபடும் என்று கண்டுபிடித்துவிடுகிறது. இழுவிசை ரகமா, முழங்கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தால் போயிற்று. பழைய நோய் புதுக் கருவியில் குடியேறிவிடும். உடனே அடுத்த மாடல், அடுத்த பில்!

நல்ல இறக்குமதி ரிலீஸ் ஒன்று இருபதாயிரம் ரூபாயைச் சுற்றி வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லலாம். கருவி முதலினச் செலவு, ஒருமுறை கொடுத்தால் முடிந்தது. பழக்கத்தை மாற்றுவது வருவாயினச் செலவு, தினம் தினம் கொடுக்க வேண்டும். இரண்டாவதை முதலாவதன் தலையில் எழுதினால் ஏடு பொய் சொல்லும். இலக்குத் தாள் சொல்லாது.

அதற்காக "கருவியே ஏமாற்று வேலை, விரலால் எய்பவன்தான் உண்மையான வில்லாளி" என்று மார்தட்டுபவர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். நாணைப் பிடிக்க கட்டைவிரல் மோதிரம் போடும் வழக்கம் ஆசியா முழுக்க இருந்தது. ஷாஜகானின் பச்சைக்கல் மோதிரம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இன்றும் இருக்கிறது. பிறவியிலேயே கைகள் இல்லாத ஜம்மு-காஷ்மீரத்து ஷீதல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, தோளில் பொருத்திய கருவியால் நாணை இழுத்து, தாடை அசைவால் விடுவித்து 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் கலப்பு இரட்டையர் வெண்கலம் வென்றார். இதுவும் ஏமாற்று வேலையா? தவிர, கருவி அனுமதி இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறது. ரிகர்வ் போட்டியில் விரல்தான், ரிலீஸ் எய்டு கூடாது. அம்பு முழுதாக இழுபட்டதும் 'டிக்' என்று சத்தமிடும் கிளிக்கர் தகடு மட்டும் உண்டு. அந்த 'டிக்' வருவதற்குள் பதறி விட்டுவிடுபவர்களும், 'டிக்' வரை இழுக்க முடியாமல் உறைபவர்களும் அங்கேயும் இருக்கிறார்கள்.

சரி, வழிதான் என்ன? வழி புதிதல்ல. நாலைந்து மீட்டர் தூரத்தில், தாள் ஒட்டாத வெறும் தடுப்பின் முன் நின்று, குறியே பார்க்காமல், விடுவிக்கும் அசைவை மட்டும் ஆயிரக்கணக்கில் பழக வேண்டும். தனியாக இன்னொரு பயிற்சி: இழு, மஞ்சளில் புள்ளியை நிறுத்து, எய்யாமல் இறக்கு. 'புள்ளி மஞ்சளில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது' என்பதை மூளை இப்படித்தான் படிக்கும். பிறகு பெரிய தாள், கிட்டத்தில். ஒழுங்காக நடந்தால் கொஞ்சம் தள்ளி. பதற்றம் எட்டிப் பார்த்தால் மறுபடி முன்னால். ஹிஞ்ச் ரிலீஸ் இந்தப் பாடத்துக்கு நல்ல வாத்தியார்தான், சந்தேகமே இல்லை. ஆனால் வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து வந்தால் மட்டும் பாஸ் ஆகிவிட முடியுமா? (ஹிஞ்சை முதல் நாளே வில்லில் மாட்டாதீர்கள். இழுக்கும்போது விடுபட்டால் முகத்தில் வாங்குவீர்கள். கயிற்று வளையத்தில் பழகிவிட்டு வில்லுக்கு வாருங்கள்.)

இதற்கெல்லாம் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஸ்கோர் கிடையாது. இங்கேதான் நிஜமான வில்லங்கம். வாரா வாரம் ஸ்கோர் ஷீட் கேட்கும் கோச், மாவட்டத் தேர்வு தேதியைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் அப்பா, இவர்களில் யார் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை இரண்டு மாதம் தாளே பார்க்காமல் எய்ய விடுவார்கள்? யாரும் விடுவதில்லை. அதனால்தான் இருபதாயிரம் சுலபமாகத் தெரிகிறது. பணம் கொடுத்தால் காலம் மிச்சம் என்ற கணக்கு. காலமும் மிச்சமாவதில்லை, கடைசியில் பிள்ளை வில்லைக் கீழே வைத்துவிட்டுப் போகிறது. "அவளுக்கு மனோதிடம் பத்தல" என்று தீர்ப்பு எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

இது இனிமேல் இன்னும் பெரிதாகும். 2023ல் பெர்லின் உலகப் போட்டியில் பதினேழு வயது அதிதி சுவாமியும், இறுதிச் சுற்றில் 150க்கு 150 எடுத்த ஓஜஸ் தேவ்தளேயும் காம்பவுண்ட் தங்கம் வென்றார்கள். அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் இந்தியாவுக்கு. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூட்டம் வரும், கடை பெருகும், 'மருந்து' மாடல்களும் பெருகும்.

ஆகவே கோச்களே, பெற்றோர்களே, பிள்ளைக்கு ரிலீஸ் வாங்கிக் கொடுப்பதானால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூடவே ஸ்கோர் கேட்காத இரண்டு மாதத்தையும் கொடுங்கள். அதைக் கொடுக்க முடியாது என்றால் இருபதாயிரத்தை பேங்கில் போடுங்கள், வட்டியாவது வரும். அர்ஜுனன் கதையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். பறவையின் கண்ணைத் தவிர வேறெதுவுமே தெரியாமல்தான் அந்தப் பிள்ளை தவித்துக்கொண்டிருக்கிறது.