புதுமனையும் பெருந்திரையும்

கள்ளக்குறிச்சியில் புதுமனை புகவிருக்கும் என் தாய்மாமன், ஒருவர் கைவிட்ட 50 அங்குலப் பிளாஸ்மாத் தொலைக்காட்சியை மலிவாக வாங்க விழைகின்றார். அது தகுமோ என ஆராய்வாம்.

பிளாஸ்மாவின் சிறப்பை யாம் மறுக்கோம். நுண்ணறைகளில் அடைத்த நியான், செனான் வாயுக்கள் மின்னாற்றலால் புறவூதா ஒளியை உமிழ, அவ்வொளி பட்ட பூச்சு நிறங்காட்டும். கருமை ஆழ்ந்தும், விரைந்த அசைவுகள் தெளிந்தும் தோன்றும். ஆயினும் அது மின்சாரத்தை மிக உண்பது, எடையும் மிகுந்தது. பனாசோனிக் 2013-இலும், சாம்சங், எல்ஜி ஆகியன 2014-இலும் அதன் ஆக்கத்தை நிறுத்தின. இனிப் பழுதுற்றால் உறுப்புகளுக்கு எங்குச் செல்வது?

அளவும் எண்ணத்தக்கது. காண்போர்க்கும் திரைக்கும் இடையே திரையின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கேனும் தொலைவு வேண்டுமென்பது பொதுக் கணக்கு. மாமன் வீட்டுக் கூடத்தில் அத்தொலைவு 6 அடியே. ஆகலின் 43 அங்குல எல்இடி திரையே அமையும்.

2006-இல் தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. கல்வராயன் மலையடிவாரத்தில் எம் பாட்டனார் இல்லத்துக்கும் ஒன்று வந்தது. அதன்முன் தெருவே கூடி மகிழ்ந்ததென்பர். அம்மகிழ்ச்சி அங்குலத்தால் வந்ததோ?

மாமன் இல்லத்தார் மாலை ஜெபத்திற்குக் கூடுவதும் அக்கூடத்திலேயே. ஆங்குத் திரை ஒரு மூலையில் அடங்கியிருப்பதே அழகு.