மந்தையும் மறைந்த மக்களும்

பசும்புல் வெளியில் தலைகவிழ்ந்து மேயும் செம்மறி மந்தையை நிழற்படத்தில் காண்போர், அதனை அமைதியின் குறியீடு என்பர். நாட்காட்டிகளும் வாழ்த்து அட்டைகளும் அக்கருத்தையே ஓயாது பரப்புகின்றன. படவிளக்கம் எழுதும் மாணவனும் 'அமைதி தவழும் காட்சி' என்றே தொடங்குகிறான். இக்குறியீடு ஆராயாமல் ஏற்கத்தக்கதன்று.

ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்துப் பகுதியில் உள்ள ஸ்ட்ராத்னேவர் பள்ளத்தாக்கைச் சான்றாகக் கொள்ளலாம். ஆறும் குன்றும் மந்தையும் அமைந்த அதன் படங்களைக் கண்டு, என்றும் மாறாத இயற்கை இது என வியப்போர் உளர். உண்மை வேறு. கேலிக் மொழி பேசிய குடிகள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டும் மாடு வளர்த்தும் வாழ்ந்தனர். செவியட் இனச் செம்மறிகளை வளர்ப்போருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வருவாய் பெருகும் என நிலவுடைமையாளர் கணக்கிட்டனர். 1814ஆம் ஆண்டிலும் 1819ஆம் ஆண்டிலும் குடிகள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் எரிக்கப்பட்டன. முதல் வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 1816இல் அவர் விடுவிக்கப்பட்டார். அப்பள்ளத்தாக்கிலேயே ஆட்டுப் பண்ணையும் நடத்தினார். அழிந்த ரோசல் சிற்றூரின் கல் அடித்தளங்கள் இன்றும் புல்லிடையே கிடக்கின்றன.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839இல். படக்கருவி அங்குச் செல்லுமுன்பே மக்கள் அகற்றப்பட்டுவிட்டனர். படமெடுத்தவன் பொய்யுரைக்கவில்லை, கண்டதையே பதிவு செய்தான். அந்த வெறுமைக்கு அமைதி என்று பெயர் சூட்டியதே பார்ப்போரின் பிழை.

'அழகை அழகாகவே நோக்குக. வரலாற்றை ஏன் இழுக்க வேண்டும்?' என வாதிடுவோர் உண்டு. குறியீடு என்ற சொல்லைக் கையாள்வோரும் அவர்களே! குறியீடு எனின், ஒன்று பிறிதொன்றைச் சுட்டவேண்டும். ஸ்ட்ராத்னேவர் செம்மறி சுட்டுவது எதனை? அம்மண்ணின் வரலாற்றை ஒதுக்கிவிட்டு இதற்கு விடை காண இயலாது.

மேய்ச்சல் நிலத்தைப் பாடிய தமிழ் மரபு இதில் தெளிவுடையது. முல்லைத் திணையில் ஆநிரை தனித்து நிற்பதில்லை. ஆயரும், அவர்தம் குழலோசையும், மாலைப் பொழுதில் காத்திருக்கும் தலைவியும் உடன் நிற்பர். கருப்பொருள் அனைத்தும் மாந்தரின் உரிப்பொருளுக்குத் துணையாகவே அமையும். மாந்தரை நீக்கிய முல்லை, முல்லையாகாது.

முல்லையைக் கற்பிக்கும் ஆசிரியர் மேய்ச்சற் படமொன்றை மாணவர்முன் வைக்கும்போது, முதலில் எழுப்பவேண்டிய வினா 'இம்மந்தை எதைக் குறிக்கிறது?' என்பதன்று, 'இங்கு வாழ்ந்தவர் எங்கே?' என்பதே. அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவனே படவிளக்கம் எழுதத் தகுதி பெற்றவனாவான்.