கடவுச்சொல்லுக்குப் பின்னால் இலவசக் கல்வி

உலகப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் விரிவுரைகளால் வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு பயனும் இல்லை என்று வாதிடுகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். படித்தவர்கள்தான், சிலர் பல்கலைக்கழகங்களில் கற்பிப்பவர்கள். அந்த விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, எங்கள் பிள்ளைகளுக்கு விளங்காது என்பார்கள். தொடங்குகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட முடிப்பதில்லை என்பார்கள். காணொளி ஆசிரியருக்கு ஈடாகாது என்பார்கள். கடைசியில், ஆகவே எங்கள் பல்கலைக்கழகங்களும் தங்கள் பாடங்களைப் பொதுவில் போடத் தேவையில்லை என்று முடிப்பார்கள். முதல் மூன்றும் சொல்லப்படுவதே இந்த நாலாவதுக்காகத்தான்.

ஆங்கிலத்திலிருந்து தொடங்குகிறேன். அது தடைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தடை யூடியூப்பில் உருவானதில்லை. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு பிள்ளை இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் தமிழில் படித்து உயர்தரம் எழுதுகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானால் அங்கே விரிவுரை ஆங்கிலத்தில். பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம் படிக்கப் போனாலும் அதே கதை. ஆர்முடுகலும் உந்தமும் தமிழில் தெளிவாகத் தெரிந்த பிள்ளை, அவற்றின் ஆங்கிலப் பெயர்களை மனதில் பொருத்திப் பார்ப்பதற்குள் விரிவுரையாளர் அடுத்த சமன்பாட்டுக்குப் போய்விடுவார். கையை உயர்த்திக் கேட்கக் கூச்சம். கேட்டாலும் முழு வகுப்பையும் நிறுத்தி வைக்க முடியாது.

பதிவு செய்த விரிவுரையை நிறுத்தலாம். பின்னுக்கு இழுத்து மூன்றாம் தரமும் கேட்கலாம். கீழே ஓடும் எழுத்தைப் பார்த்து, தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொள்ளலாம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் கில்பேர்ட் ஸ்ராங் 1999இல் நடத்திய ஏகபரிமாண அட்சரகணித விரிவுரைகளை இன்றைக்கும் உலகெங்கும் மாணவர் பார்க்கிறார்கள். கரும்பலகை, வெண்கட்டி, நிதானமாகப் பேசும் ஒரு மனிதர், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு அந்த நிதானமே பெரிய உதவி. ஆகவே மொழி காரணமாக இந்த விரிவுரைகள் வேண்டாம் என்பது தலைகீழ் வாதம். மொழியில் தடுமாறுகிறவருக்குத்தான் நிறுத்தி நிறுத்திக் கேட்கக்கூடிய பாடம் அதிகம் தேவை.

அதற்கு நேரமும் எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது. இது பலருக்கு உறைப்பதில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வந்து, இசட் புள்ளியின்படி வெட்டுப்புள்ளி வெளியாகி, பல்கலைக்கழக வாசல் திறப்பதற்குப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடுகிறது. அந்த வருடம் முழுவதும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கடையில் நிற்கிறது, வயலுக்குப் போகிறது, அல்லது சும்மா காத்திருக்கிறது. தகுதி பெற்றும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிடுகிற பிள்ளைகளோ நாடு முழுவதும் தெரிவாகிறவர்களைவிடப் பெருந்தொகை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் பின்தங்கிய மாவட்டங்களுக்கான விசேட ஒதுக்கீட்டுப் பட்டியலில் இருந்தும், தகுதி பெறுகிற எல்லோருக்கும் இடமில்லை. வாசலுக்கு வெளியே நிற்கிற இந்தப் பிள்ளைகளைப் பற்றி இந்த வாதத்தில் ஒரு சொல்கூட இல்லை.

தமிழில் இல்லை என்ற முறைப்பாட்டுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். எம்.ஐ.ரி. 2001இல் தன் பாடங்களை எல்லோருக்கும் திறந்துவிடப்போவதாக அறிவித்தது. இன்று 2,500க்கு மேற்பட்ட பாடநெறிகளின் குறிப்புகள் அங்கே கிடக்கின்றன. அவற்றின் உரிமம் வணிக நோக்கமின்றி மொழிபெயர்க்கவும் பகிரவும் இடம் தருகிறது. இந்தியாவின் ஐ.ஐ.ரி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.ரி.இ.எல். விரிவுரைகளைத் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்குக் கொண்டுவரும் வேலை நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் அச்சிட்டார். தமிழ் நூல்களையும் அறிவையும் இணையத்தில் இலவசமாகத் தர 1998இல் மதுரைத் திட்டமும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் 2005இல் நூலகம் திட்டமும் தொடங்கியபோது எந்தப் பல்கலைக்கழகமும் முன்னுக்கு நிற்கவில்லை. தங்கள் நேரத்தைக் கொடுத்த தன்னார்வலர்களே செய்தார்கள். அனுமதி இருக்கிறது, தமிழில் முன்மாதிரியும் இருக்கிறது. பாடம் தெரிந்த, இரண்டு மொழியும் தெரிந்த ஆட்கள்தான் வேண்டும். தமிழில் இல்லை என்று குறைசொல்கிற கல்விமான்களே அந்த ஆட்கள்.

அடுத்தது, முடிப்போர் தொகை. 2012இல் எம்.ஐ.ரி. மின்சுற்றுகளும் இலத்திரனியலும் என்ற பாடநெறியை இணையத்தில் நடத்தியபோது ஏறத்தாழ 155,000 பேர் பதிந்தார்கள், 7,157 பேர் சித்தியடைந்தார்கள். நூற்றுக்கு ஐந்தைவிடக் குறைவு. எதிர்த்தரப்பு காட்டும் கணக்கு சரியானது. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. பதிவு இலவசம் என்பதால் எட்டிப் பார்க்க வந்தவரும் கணக்கில் சேர்கிறார். ஒரே ஒரு அலகு விளங்காமல் வந்து, அதைப் பார்த்து விளங்கிக்கொண்டு போனவர், இந்தக் கணக்கில் தோற்றவர். பொது நூலகத்துக்கு வந்து ஒரு அத்தியாயம் மட்டும் வாசித்துப் போகிறவரைத் தோற்றவர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. திறந்த பாடக் குறிப்புகளுக்குப் பதிவும் இல்லை, பரீட்சையும் இல்லை. அங்கே முடித்தவர் வீதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதோடு, அந்த 7,157 என்பது ஒரே தவணையில் ஒரே பாடத்தில் சித்தியடைந்தவர்கள். எந்த விரிவுரை மண்டபத்தில் அத்தனை பேர் இருக்க முடியும்?

அந்த 155,000 பேரில் முழுப் புள்ளி எடுத்த 340 பேரில் ஒருவர் மொங்கோலியாவின் உலான்பாத்தரைச் சேர்ந்த பத்துஷிக் மியாங்கன்பயார். அப்போது வயது 15. இந்தக் கதையைச் சொல்லிக் காணொளி இருந்தாற் போதும் என்று கூவுகிறவர்களும் உண்டு. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. பத்துஷிக்கின் பாடசாலை அதிபர் எம்.ஐ.ரி.யில் படித்துத் திரும்பியவர். அந்தப் பாடத்தை மாணவர் முன் வைத்தவர் அவர். செய்முறைக்கு உபகரணங்களுடன் ஸ்ரான்போர்ட்டிலிருந்து ஒருவர் வந்து உதவினார். ஆசிரியரும் ஆய்வுகூடமும் திறந்த பாடமும் ஒன்றாகச் சேர்ந்தபோதுதான் அந்தப் பிள்ளை எழுந்தது. நியமிப்பு வினையைக் கைபேசித் திரையில் பார்த்து எவரும் கை பழக முடியாது. முல்லைத்தீவுப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் கேட்கும் குரல் ஒரு அடிகூடப் பின்வாங்கக் கூடாது.

ஆனால் ஆசிரியருக்கு ஈடாகாது என்ற வாதம் இங்கே யாருக்காகப் பேசப்படுகிறது? 2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே அரச பல்கலைக்கழக மெய்யியல் துறையினர், ஹாவர்ட் பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் நீதி பற்றிய இணையப் பாடநெறியைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். செலவைக் குறைக்க நிர்வாகம் காணொளியை ஆசிரியர் இடத்தில் வைத்துவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. அது நியாயமான அச்சம். அந்த எதிர்ப்பு நிர்வாகத்தை நோக்கியது, மாணவர் பார்ப்பதை நோக்கியதில்லை. அதே நியாயத்தை எடுத்து, ஆசிரியரே கிடைக்காத ஊர்ப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் கதவைச் சாத்தப் பயன்படுத்துவது அநியாயம்.

இனி நாலாவது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரைக்குமானது. அறிவியல் நகரும், 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவும் பொதுமக்களின் பணத்தில் நிற்கின்றன. மாங்குளத்தில் கடைச் சாமான் வாங்குகிறவரும் அதற்கு வரி கட்டுகிறார். அங்கே உருவாகும் பாடக் குறிப்புகள் பெரும்பாலும் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோது, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புகள் நடந்தன, பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டாக் கட்டணமும் நீக்கப்பட்டது. விரிவுரையைப் பதிவு செய்யவும் இணையத்தில் ஏற்றவும் எங்களுக்குத் தெரியும் என்று அன்றே நிரூபணமாகிவிட்டது.

பொதுவில் போட்டால் மாணவர் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்கிறார்கள். வரவுக்குத்தான் பீடங்களில் விதி இருக்கிறதே. குறிப்பு கையில் கிடைத்தவுடன் வகுப்பு வெறுமையாகும் என்றால், அந்த வகுப்பில் குறிப்பைத் தவிர வேறொன்றும் கொடுக்கப்படவில்லை என்பதை விரிவுரையாளரே ஒப்புக்கொள்கிறார். தரம் போதாது, வெளியில் காட்ட முடியாது என்கிறார்கள். வெளியில் காட்ட முடியாததை உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் எந்த மனச்சாட்சியோடு கொடுக்கிறீர்கள்? வருடக்கணக்காக மாறாத குறிப்பு மற்றவர் கண்ணில் படுமே என்ற பயம்தான் இதற்குள் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு வன்னிப் பிள்ளையின் வறுமையையும் அதன் ஆங்கிலக் குறைவையும் மறைப்பாக இழுத்துப் போடுவதை மன்னிக்க முடியாது.

உட்கிராமங்களில் தொடர்பு சரியில்லை, டேட்டா விலை அதிகம் என்பது மட்டும் பதில் தேடவேண்டிய கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. எம்.ஐ.ரி.யே தன் பாடங்களை வன்தட்டுகளில் நிரப்பி ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்தது. துணுக்காய், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா கல்வி வலயங்களுக்கு அப்படிக் கொடுப்பதற்கு ஒரு வானும் சில பென்ட்ரைவும் போதும்.

வவுனியாவிலும் அறிவியல் நகரிலும் கற்பிக்கிறவர்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். முதலாம் வருடப் பாடங்களில் இருந்து தொடங்குங்கள். கணிதம், பௌதிகவியல், கணினி விஞ்ஞானம், மண்ணியல், நீர்ப்பாசனம். இரணைமடுவின் கீழே நெல் விதைக்கிறவரின் மகனும் மகளும் விவசாய பீடத்தின் மண்ணியல் குறிப்பை வாசிக்கட்டும். ஆங்கிலக் குறிப்போடு தமிழில் கலைச்சொற் பட்டியலையும் விரிவுரைக்கு ஒரு பக்கச் சுருக்கத்தையும் சேருங்கள். யாரும் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம் என்று மேலே எழுதுங்கள். அடுத்த உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன்னர் ஒரு பாடமாவது வெளியே வரட்டும்.