வானம் யாருக்கு?



சென்னிமலையில் தறியோசை கேளாத தெரு அரிது. அத்தகைய தெருவொன்றில், பொங்கல் விடுமுறை முடிந்த மாலைப்பொழுதில், நெசவாளர் ஒருவரின் மகள் தந்தையிடம், "அப்பா, எனக்குப் பறக்கக் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது" என்றாள். பொள்ளாச்சியில் பலூன் திருவிழாவைக் கண்டு திரும்பியிருந்தாள் அவள். தந்தையோ தறியை நிறுத்தாமலே, "பறந்து என்ன சம்பாதிக்கப் போகிறாய், கண்ணு?" என்றார். அவள் தலைகுனிந்தாள். அருகிலிருந்த நானும் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தந்தை நாள்தோறும் கையாளும் துணிக்கும் வானத்துக்கும் உள்ள உறவு பழையது. 1709 இல் பர்த்தலோமேயு தெ குஸ்மாவோ என்னும் குருவானவர், வெப்பக் காற்றால் மேலெழும் சிறு பலூன் ஒன்றை லிஸ்பன் நகரில் போர்த்துகல் மன்னர் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டினார். 1783 நவம்பர் 21 அன்று பாரிஸ் நகரில் இரு மனிதரைச் சுமந்து பறந்தது, காகித வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள் துணியாலும் காகிதத்தாலும் அமைத்த பெரும் பையே.

இன்று அந்தப் பை நைலான் துணியாலானது. கீழே பிரம்புக் கூடை. நடுவே எரிவாயு அடுப்பு. உள்ளிருக்கும் காற்று சூடாகி இலேசாகும்போது பலூன் எழுகிறது, ஆறும்போது இறங்குகிறது. இடமும் வலமும் திருப்ப வழியில்லை. எந்த உயரத்தில் எத்திசைக் காற்று வீசுகிறது என்று அறிந்து, அதற்கேற்ப ஏறியும் இறங்கியுமே செல்லவேண்டும். 2015 இல் பொள்ளாச்சியில் தொடங்கிய இவ்விழாவில் 2025 ஆம் ஆண்டு புறப்பட்ட பலூன் ஒன்று எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் இறங்கியது, அதிலிருந்தோர் நலமாயிருந்தனர். காற்றை மதிக்கவும், பொறுமை காக்கவும், இறங்கவேண்டிய வேளையில் இறங்கவும் கற்பிக்கும் கலை இது.

"என்ன சம்பாதிப்பாய்?" என்னும் கேள்விக்கு விடையும் உண்டு. ஜே. ஆர். டி. டாட்டா 1929 இல் விமானி உரிமம் பெற்றது பிழைப்புக்காக அன்று, பறக்கும் ஆசையினால். அந்த ஆசையே 1932 இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னை வரை வந்த விமான அஞ்சலாயிற்று. பின்னர் ஏர் இந்தியாவாக வளர்ந்தது. பெண்பிள்ளைக்கு ஏன் என்பீர்களோ? 1936 இல் சரளா தக்ரால் சேலை உடுத்தியே தனித்து விமானம் ஓட்டினார்.

ஆயினும், எல்லாவற்றிற்கும் வருமானக் கணக்குத்தான் வேண்டுமா? வள்ளி கும்மி ஆடுவோரிடமும், ஆலயப் பாடற்குழுவில் பாடும் பிள்ளையிடமும் நாம் அதைக் கேட்பதில்லையே! உள்ளத்தை விரிவாக்கும் மகிழ்ச்சியும் ஒரு செல்வமே.

செலவை மறைக்க விரும்பவில்லை. தனிவிமானி உரிமத்துக்குப் பதினேழு வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், மருத்துவத் தகுதியும், குறைந்தது 40 மணிநேரப் பறக்கும் பயிற்சியும் வேண்டும். இதற்குப் பல இலட்சம் ரூபாய் ஆகும். எல்லாக் குடும்பத்துக்கும் அது இயலாது. ஆனால் தொடக்கப்படிகள் எளியவை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு உள்ள பள்ளி, கல்லூரிகளில் மாணவ மாணவியர் சேரலாம்; மாதிரி விமானம் செய்யவும், வாய்ப்பு அமைந்தால் சிறுவிமானத்தில் பயிற்றுநருடன் பறக்கவும் அங்கே வழியுண்டு. கயிற்றால் கட்டிய பலூனில் சற்று மேலேறிப் பார்ப்பதும் ஒரு தொடக்கமே.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை வானத்தைக் காட்டி ஆசை சொன்னால் தறியைச் சற்றே நிறுத்துங்கள். "எங்கே கற்றுத் தருகிறார்கள், கண்ணு?" என்று முதலில் கேளுங்கள். பணத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து பிறகு பேசலாம்.